நொய்யலின் தலைமாட்டுக்கு ஒரு காட்டு நடை

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே பேரூர்ச் சாலையைப் பிடித்தால், ஊர் முடிவதற்குள்ளேயே மலை கண்ணெதிரே வந்துவிடும். மாதம்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னை, பாக்கு, வாழை. ஆலாந்துறை வரும்போது காற்றில் சூடு குறைந்திருப்பது தெரியும். இருட்டுப்பள்ளத்தில் சாலை பிரிகிறது. ஒரு கிளை பூண்டிக்கும் வெள்ளியங்கிரி ஆண்டவர் சன்னதிக்கும் போகும். இன்னொன்று காருண்யா நகர் வழியாகச் சாடிவயலுக்குப் போகும். நகரத்திலிருந்து சாடிவயல் சோதனைச் சாவடி வரை சுமார் 35 கிலோமீட்டர். அதற்கு அப்பால், போளுவாம்பட்டி வனச்சரகத்துக்குள் இருக்கிறது கோவைக் குற்றாலம்.

கோவைக்காரர்கள் பலருக்கு அது குளிக்கிற இடம். வண்டியை விட்டு இறங்கி, அரக்கப்பரக்க நடந்து, தலையை நனைத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நடுவிலே இருக்கும் காட்டுவழி அவர்களுக்கு ஒரு தாமதம். எனக்கு அந்த வழிதான் முக்கியமாகப் படுகிறது. ஆறு வயதுப் பையனும் எழுபதை நெருங்கும் அம்மாவும் சேர்ந்து நடக்கக்கூடிய காட்டுப்பாதை நம் பக்கத்தில் அதிகம் இல்லை. வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏற, திடமான முழங்காலும் இரவெல்லாம் விழிக்கிற தெம்பும் வேண்டும். கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி, அதே ஆயிரத்தையும் திரும்ப ஏற வேண்டும். கோவைக் குற்றாலத்தில் அந்தக் கவலை இல்லை. சாடிவயலில் இருந்து வனத்துறை வண்டி பாதி தூரம் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. மிச்சமிருப்பது ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கான நடை. ஏற்றம் உண்டு, மூச்சு வாங்க வைக்கிற ஏற்றம் இல்லை. வழியெல்லாம் நிழல்.

நாங்கள் போனது கார்த்திகை மாதத்தின் ஆரம்பத்தில். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்து, தண்ணீர் தெளிந்திருந்த சமயம். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று இந்த மலையை வந்து அறையும்போது அருவியில் வெள்ளம் பாயும். பெரும்பாலும் யாரையும் விடமாட்டார்கள். கடும் கோடையிலோ பாறையில் நூலாகத்தான் தண்ணீர் இறங்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் புரட்டாசி கழிந்து தை வரைக்குமான மாதங்கள் நல்லவை. மழை விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தால் இன்னும் நல்லது.

சாவடியில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, சோப்பு எதுவும் உள்ளே போகக்கூடாது. சிலர் முகம் சுளிக்கிறார்கள். சோதனை இன்னும் கறாராக இருந்தாலும் நல்லது என்பதே என் எண்ணம். மிக்சர் பாக்கெட்டின் உப்பு வாசனைக்கு மான் அதையும் சேர்த்து மென்றுவிடும். பிளாஸ்டிக் வயிற்றில் சிக்கினால் அதன் கதி அதோகதிதான். நாங்கள் எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீரும், துணிப்பையில் மாற்றுத்துணியும் மட்டும் எடுத்துக்கொண்டோம். கட்டிக்கொண்டு போயிருந்த அரிசிம்பருப்புச் சாதத்தையும் தயிர் சாதத்தையும் சாவடிக்கு இந்தப் பக்கமே, புங்கமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தோம். வயிறு நிரம்பியிருந்தால் குழந்தைகள் பாதி வழியில் நச்சரிக்காது. குரங்குகளும் பையைப் பிடுங்க வராது.

இந்தக் காட்டுக்குள் வழிகாட்டுகிறவர்களும் காவல் காக்கிறவர்களும் பலபேர் இருளர்கள். சாடிவயலைச் சுற்றி அவர்களுடைய ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பதி என்பார்கள். சிங்கம்பதி அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று. தேனும் நெல்லியும் சீமார்ப் புல்லும் சேகரித்து வாழ்ந்தவர்கள், மலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெயர் வைத்திருப்பவர்கள். எங்களோடு நடந்த இருளர் பெரியவர் நடை தொடங்கும் முன்பே பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சாமிகளா, சத்தம் போடாம வரோணும். நாம பேசிட்டே போனோம்னா ஆனை கெளை ஒடிக்கறது நமக்குக் கேக்காது. அது இருக்கறது தெரியாம கிட்டப் போயிருவோம். அதுக்குத்தான் சொல்றேன்."

என் மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் தம்பி வாய் திறந்தபோதெல்லாம் உதட்டில் விரலை வைத்தாள். காட்டில் அமைதியாக இருங்கள் என்று பலகையில் எழுதி வைப்பதைவிட, எதற்காக என்று ஒரு வரியில் காரணம் சொன்னால் பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள்.

பாதை ஓடையை ஒட்டியே போகிறது. பல இடங்களில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கூட வரும். ஓடைக்கரையில் நீர்மருது, நாவல், அத்தி, காட்டுமா. கொஞ்சம் மேட்டில் தேக்கும் வேங்கையும். எல்லாவற்றுக்கும் நடுவே மூங்கில் தூறுகள். மூங்கில் ஒடிந்து கிடந்த ஓர் இடத்தில் பெரியவர் நின்றார். கீழே யானை லத்தி. ஒரு குச்சியால் அதைப் பிரித்துக் காட்டினார்: அரைபடாத நார், பட்டைத் துண்டு, முழுசாக நாலைந்து விதைகள். நேற்று போட்டது என்றார். வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தின்னும், 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமல் வெளியே வந்துவிடும். அதனால்தான் அது நடந்து போகிற வழியெல்லாம் விதை விழுந்து மரம் எழும்புகிறது. என் பையனுக்கு லத்தியைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அதிலே ஒரு முளையைக் கண்டதும் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். அவனைக் கிளப்ப வெகுநேரம் ஆனது. ஆகட்டும் என்று விட்டுவிட்டோம். குடும்பத்தோடு காட்டுக்குப் போகிறவர்கள் நேரத்தை மட்டும் தாராளமாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். கால் மணி நேரத்தில் பெரியவர்கள் நடந்துவிடுகிற தூரத்துக்குக் குழந்தைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். பார்க்கிறது என்னவோ குழந்தைதான் அதிகம்.

இந்த மலையடிவாரம் யானைகளின் நடமாட்டத்துக்குப் பேர்போனது. 1986இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளத்தின் தென்பகுதி இது. மலைத்தொடர் ஒரு பக்கம், தோட்டங்கள் ஒரு பக்கம் என்று நடுவில் இருக்கிற ஒடுங்கிய காட்டுப் பட்டைதான் அவற்றின் பாதை. அந்தப் பாதையில் கட்டடங்களும் வேலிகளும் நெருக்கிக்கொண்டு வந்தால் யானை வாழைத்தோட்டத்துக்குள் இறங்காமல் வேறென்ன செய்யும்? காட்டு யானைகளைத் திருப்பி அனுப்புவதற்காகவே சாடிவயலில் கும்கி முகாம் இருக்கிறது. கும்கி வைத்து விரட்டுவதைக்காட்டிலும் வழியை விட்டுவைப்பது மலிவு என்று இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாலை வந்தால் மக்களை வெளியேற்றிவிடுவதும் யானை நடமாட்டத்தால்தான். அதற்கு மேல் வழி யானைகளுக்கு.

பாதி தூரத்தில் ஓடையோர ஈரமணலில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. ஈரமணலில் இருக்கிற உப்புச்சத்தை உறிஞ்சுவதற்காக ஆண் பூச்சிகள் இப்படிக் கூடும். இனச்சேர்க்கையின்போது அந்த உப்பு பெண் பூச்சிக்குப் போய், முட்டைக்கு உதவும். பக்கத்தில் போனால் பறந்துவிடும், அசையாமல் நின்றால் காலருகிலேயே வந்து உட்காரும். 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. ஆரஞ்சும் பழுப்புமான இறக்கை. அன்றைக்கு அது தட்டுப்படவில்லை. தலைக்கு மேலே மலையணில் ஒன்று கிளைக்குக் கிளை தாவிப் போனது. செம்பழுப்பு முதுகும் நீண்ட வாலுமாக, வீட்டு அணிலைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அது அணில் என்று நம்பவே முடியவில்லை. ஓடைப்பக்கம் இருந்து, யாரோ ஒருவர் ஏதோ யோசனையில் அரைகுறையாகச் சீட்டியடிக்கிற மாதிரி ஓர் ஒலி வந்துகொண்டே இருந்தது. சீகாரப் பூங்குருவி. கருநீல நிறம், பாறையிடுக்கில் கூடு. அருவி இருக்கிற இடங்களில் இதன் குரலைக் கேட்கலாம். தண்ணீர் இரைச்சலை மீறிக் கேட்கிற குரல் அதற்கு.

அட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் அவை உண்டு. கடித்தால் வலிக்காது, ரத்தம் சற்று நேரம் நிற்காமல் வரும், அவ்வளவுதான். கொஞ்சம் உப்பைத் துணியில் முடிந்து எடுத்துப் போனால் போதும். அதற்காகக் குழந்தைகளைப் பயமுறுத்தி வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை.

கடைசித் திருப்பத்தில் காற்று சட்டென்று குளிர்ந்தது. இரைச்சல் பெரிதானது. படிகளில் அம்மா என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே போய் நிமிர்ந்தபோது அருவி எதிரே இருந்தது.

உயரத்தில் இருந்து ஒரே பாய்ச்சலாக விழுகிற அருவி இல்லை இது. பாறைத் தட்டுகளில் தட்டித் தட்டி, அகலமாக விரிந்து, பிறகு ஒடுங்கி இறங்குகிறது. அதனால்தான் குழந்தைகளுக்குத் தோதானது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாலே முதுகு நனைகிற அளவுக்குத் தண்ணீர் வரும். தண்ணீரின் சில்லிப்பு பல்லைக் கிட்ட வைத்தது. மகன் முதலில் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு ஒரு கையை நீட்டினான். அப்புறம் அவனை வெளியே இழுப்பதுதான் பாடாகிவிட்டது.

அருவியில் நிற்கும்போது கண்ணை மேலே வைத்திருக்க வேண்டும் என்பதை எல்லாப் பெற்றோரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே மலைமுகட்டில் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்கினால், சருகும் சுள்ளியும் அடித்து வந்தால், இரைச்சல் கனத்தால், ஒரு நொடியும் யோசிக்காமல் கரையேறிவிட வேண்டும். காவலர் விசில் அடித்தால் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. பாசி படிந்த பாறையில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். அருவிகளில் போன உயிர்கள் பல இந்த இரண்டு காரணங்களால் போனவை.

அம்மா குளிக்கவில்லை. அருவிக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர் அமைதியாக ஓடும் இடத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டிருந்தாள். பேத்தி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பத்தா, குளிருதா?"

"குளுரு என்ன கண்ணு, இது எங்கூர்த் தண்ணி."

அம்மா பிறந்தது சூலூர். நொய்யல் கரை. அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்களாம். "கண்ணாடி மாதிரி இருக்கும், அப்படியே குடிப்போம்" என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கதையை நான் பல முறை கேட்டிருக்கிறேன், முழுசாக நம்பியதில்லை. நான் பார்த்த நொய்யல் வேறு. பாலத்தைக் கடக்கும்போது பஸ் ஜன்னலை மூடச் சொல்கிற நொய்யல், நுரை பொங்கி ஓடிய நொய்யல். அம்மாவின் கால்களைத் தாண்டி ஓடிய அந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை.

வெள்ளியங்கிரி, சிறுவாணி மலைகளின் கிழக்குச் சரிவில் இறங்குகிற சிற்றாறுகள்தான் நொய்யல். பெரியாறு, சின்னாறு, நீலியாறு என்று தனித்தனிப் பெயரோடு இறங்கி, அடிவாரத்தில் கூடுதுறையில் ஒன்றாகி நொய்யலாகின்றன. காஞ்சிமாநதி என்பது அதன் பழைய பெயர். கோவை, திருப்பூர் வழியாக 170, 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிறது. இந்த அருவியைச் சிறுவாணி அருவி என்றும் சொல்கிறார்கள். ஆனால் சிறுவாணி ஆறு மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் ஓடுகிறது. அது பவானியில் சேர்ந்து, பவானி நகரக் கூடுதுறையில் காவிரிக்கு வருகிறது. முகட்டின் உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் விழுகிற இரண்டு மழைத்துளிகளில் ஒன்று மேற்கே சிறுவாணியாகவும், மற்றொன்று கிழக்கே நொய்யலாகவும் பிரிந்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் காவிரியில் ஒன்றாகின்றன. பள்ளிக்கூடத்துப் பூகோளத்தில் வராத இந்த விஷயத்தைப் பிள்ளைகளுக்கு அருவிக்கரையில் உட்கார்ந்து சொன்னால் மறக்கமாட்டார்கள்.

கோவை வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு: உப்புத்தண்ணி, நல்லதண்ணி. நல்லதண்ணி என்றால் சிறுவாணி. உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று பெருமையடித்துக்கொள்கிறோம். அப்படி யார் எங்கே போட்டி வைத்துப் பரிசு கொடுத்தார்கள் என்று எனக்குப் புலப்படவில்லை, அந்தப் பட்டம் தேவையும் இல்லை. தண்ணீர் ருசியாக இருப்பதற்கான காரணம் மலையில் இருக்கிறது. உச்சியில் புல்வெளியும் சோலைக்காடும். அதற்குக் கீழே அடர்ந்த காடு. மழை நேரே மண்ணில் விழுவதில்லை. இலையில் விழுந்து, கிளையில் வழிந்து, சருகு மெத்தையில் இறங்கி, வேர்களுக்கு நடுவே மண்ணுக்குள் புகுந்து, மாதக்கணக்கில் மெல்லக் கசிகிறது. கீழே இருப்பது கடினப்பாறை, அதில் கரைவதற்கு உப்பு குறைவு. கோவை நகரில் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைதான். மலைக்குப் பின்னால் ஒதுங்கிய மழைமறைவு ஊர் அது. அந்த ஊர் பிழைத்திருப்பது இந்தக் காட்டால். மழை நின்று வாரக்கணக்கில் ஆன பிறகும் அருவியில் தண்ணீர் இருந்தால் அதைக் காடு தருகிறது என்று அர்த்தம்.

சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வலியுறுத்தியவர் சே. ப. நரசிம்மலு நாயுடு. இதழாசிரியர், பயணநூல்களும் எழுதியவர். அந்த எண்ணம் நிறைவேற நெடுங்காலம் பிடித்தது. இரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைமையில் இருந்த காலத்தில், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் மலையைக் குடைந்து தண்ணீர் ஊருக்கு வந்தது. அவர் பெயரில்தான் ஆர்.எஸ்.புரம் இருக்கிறது. இன்றைய சிறுவாணி அணை 1973இல் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி பிறகு கட்டப்பட்டது.

பகல் சாயத் தொடங்கியதும் விசில் ஊதிவிட்டார்கள். திரும்பி நடப்பது இறக்கம், அம்மாவுக்கு அதுதான் கொஞ்சம் சிரமமாக இருந்தது. பெரியவர் மூங்கில் கழியொன்றைக் கொடுத்தார். "மொள்ள வாங்கம்மா, ஒண்ணும் அவசரமில்லீங்" என்று கூடவே வந்தார். மூட்டுவலி இருப்பவர்கள் ஊன்றுகோலை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு வருவது நல்லது. செருப்பை விட, பிடிமானம் உள்ள ஷூ மேல்.

திரும்பும் வழியில் சித்திரைச்சாவடியில் நிறுத்தினோம். நொய்யலின் குறுக்கே கட்டிய முதல் அணைக்கட்டு அங்கே இருக்கிறது. அங்கிருந்து பிரிகிற வாய்க்கால்தான் கோவையின் குளங்களில் பலவற்றை நிரப்புகிறது. ஒரு குளம் நிறைந்து அடுத்ததற்கு வழிய, ஒன்றுக்கொன்று கோத்து வைத்த ஏற்பாடு. நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி, உக்கடம், வாலாங்குளம். பின்னர் பேரூர்ப் படித்துறை. ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டம் நிரம்பி வழியும் இடம். மத்தியானம் பார்த்த அதே தண்ணீர் அங்கே கொஞ்சம் நிறம் மாறியிருந்தது. ஓரத்தில் துணிகளும் பூமாலைகளும் கேரி பைகளும். பேரூருக்குக் கிழக்கே நகரத்தின் சாக்கடை சேர்கிறது. திருப்பூர் தாண்டிய பிறகு சாயக்கழிவு. 1992இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, உழவர்கள் அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று வழக்குப் போடும் நிலை வந்தது. 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மலையில் இருந்து ஆற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை. குறையெல்லாம் நாம் சேர்த்தது.

மகள் படித்துறையில் நின்று, "இதையும் அப்பத்தா குடிச்சாங்களா?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன்: "குடிச்சாங்க. இன்னும் கீழே போயும் குடிச்சாங்க."

கோவையிலும் திருப்பூரிலும் இருக்கிற பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு நொய்யலைப் பாலத்தின் மேலிருந்து மட்டும் காட்டாதீர்கள். ஒரு முறையாவது அதன் தலைமாட்டுக்கு நடத்திக் கூட்டிப் போங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். ஆறு எப்படி இருந்தது என்று சொல்ல அவர்கள்தான் இருக்கிறார்கள். திரும்பும்போது சித்திரைச்சாவடியிலும் பேரூரிலும் பத்து நிமிடமாவது நின்று வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்தால் காடு காடாக இருக்கும். பராமரிப்புக்காக வழக்கமாகத் திங்கட்கிழமை மூடுவார்கள், வெள்ளம் வந்தால் எந்த நாளும் மூடுவார்கள். கிளம்பும் முன் வனத்துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.